கட்டட வேலையும் மனநலமும்: மேஸ்திரிகள் என்னிடம் கேட்ட கேள்விகள்

இருபத்தாறு ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன் நான். முதலில் சென்னைப் புறநகரில், பிறகு கோவையில். வேலையை விட்ட பிறகும் பழகிய மேஸ்திரிகளும் சின்ன கான்ட்ராக்டர்களும் போன் செய்கிறார்கள். கம்பி விலை, சிமென்ட் விலை என்று தொடங்கும் பேச்சு கடைசியில் "ஒரு ஆள் சரியில்லை, என்ன செய்யலாம்?" என்பதில் வந்து நிற்கும். ஒரே சந்தேகத்துக்கு எத்தனை முறை பதில் சொல்வது என்று இங்கே தொகுத்துவிட்டேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வேலை இடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் கலந்திருக்கின்றன. பத்து ஆள் முதல் அறுபது ஆள் வரை வைத்து வேலை செய்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஆள் வருகிறான், வேலை செய்கிறான், கூலி வாங்குகிறான். இதில் மனநலம் எங்கே வந்தது?

மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கிறவன் இரவு முழுவதும் தூங்காமல் வந்திருக்கிறான் என்றால் அது அவன் சொந்த விஷயம் மட்டுமல்ல. கீழே கலவை போடும் சித்தாளின் தலையும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. மனம் வேறெங்கோ இருக்கிறவன் கயிற்றைச் சரியாகக் கட்டமாட்டான், அறுக்கும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வான், ஈரக் கையோடு பிளக்கைத் தொடுவான். விபத்துக்குப் பிறகு "கவனக்குறைவு" என்று எழுதுகிறோம். கவனம் ஏன் குறைந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள், அதாவது நான்கில் ஒருவர். கட்டடத் தொழிலாளர்களை மட்டும் தனியே பிரித்த எண் அல்ல இது. ஆனால் தினக்கூலி என்றால் நம் ஆட்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

பெரிய கம்பெனிகள் ஆலோசகர் எல்லாம் வைக்கிறார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

சனிக்கிழமைச் சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. என்னிடம் "மனசு சரியில்லை" என்று சொன்ன ஆட்களிடம் உட்கார்ந்து பேசியபோது, பெரும்பாலும் அடியில் இருந்தது பணக் கவலைதான். சனிக்கிழமை பணம் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. திங்கட்கிழமை மனைவியின் குழுக் கடன் தவணை. செவ்வாய்க்கிழமை கந்துவட்டிக்காரர். அந்த வாரம் முழுக்க அவர் உங்கள் வேலை இடத்தில் இருக்கிறார், ஆனால் இல்லை.

கட்டட உரிமையாளர் உங்களுக்குப் பணம் தரவில்லையா? அதை வெள்ளிக்கிழமையே ஆட்களிடம் சொல்லுங்கள். "பாதிதான் இருக்கிறது, மீதி புதன்கிழமை" என்று சொன்னால் ஆள் கோபப்படுவார், ஆனால் கணக்குப் போட்டுக்கொள்வார். சனிக்கிழமை மாலை போனை அணைத்துவிட்டு மறைந்து போகிற மேஸ்திரிதான் ஆட்களின் தூக்கத்தைக் கெடுக்கிறவர். அட்வான்ஸ் கணக்கும் அப்படித்தான். கொடுத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இதற்கு அடுத்தது குடிதண்ணீர், நிழல், கழிப்பறை, ஒழுகாத கொட்டகை. ஒரு பெரிய வேலை இடத்தில் "மன அழுத்தம் தவிர்ப்போம்" என்று அழகான பேனர் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மழைக் காலம் வந்ததும் ஆட்கள் அதைக் கழற்றி, ஒழுகுகிற கொட்டகைக் கூரைமேல் போட்டுக்கொண்டார்கள். அந்த பேனரால் கிடைத்த பலன் அதுதான்.

ஒரு ஆளுக்கு மனம் சரியில்லை என்று எப்படித் தெரியும்? யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்களே?

சொல்லமாட்டார்கள். உடம்பு சொல்லும். தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல், "கை கால் ஓய்ந்து போகிறது" என்றுதான் பேச்சு வரும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் பார்க்கவேண்டியது மாற்றத்தை. ஒருவர் பிறவியிலேயே பேசாதவராக இருக்கலாம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் பதினொரு மணி டீக்கு எல்லோரையும் சிரிக்க வைக்கிறவர் பத்து நாளாகத் தனியாகப் போய் உட்கார்ந்தால் கவனியுங்கள். பூச்சு வேலையில் கை சுத்தமான கொத்தனார் ஒரே சுவரை இரண்டு முறை கொத்திப் போட்டுப் பூசுகிறார், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகிறார், கரண்டி மட்டம் முதலான சொந்தச் சாமான்களை யாருக்கோ கொடுத்துவிடுகிறார் என்றால் அன்றே பேசுங்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் முக்கியம். கொத்தனார் தன் கரண்டியை எளிதில் பிறருக்குக் கொடுக்கமாட்டார்.

சரி, தெரிந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்பு. அவரிடம் என்ன பேசுவது?

படிப்பு தேவையில்லை. மற்றவர்கள் எதிரில் கேட்காதீர்கள். "மணல் லோடு வருகிறது, கொஞ்சம் கூட வா" என்று தனியே அழைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: "ஒரு வாரமாக நீ சாப்பிடுவதில்லை. என்ன விஷயம்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் தொழிலில் அதுதான் கடினம். "ஆம்பிளை இதற்கெல்லாம் அழலாமா", "எனக்கு வராத கஷ்டமா" என்று ஆரம்பித்தால் அவர் அங்கேயே மூடிக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அடுத்த ஒரு படி என்ன என்று பேசி முடித்தால் போதும். மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். முதல் தடவை நீங்களோ அவருக்குப் பிடித்த ஒருவரோ கூடப் போங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடும் என்ற பயத்தாலேயே மருத்துவமனைக்குப் போகாதவர்கள் அதிகம்.

"செத்துப் போனால் நிம்மதி" என்கிறான். நிஜமாகச் சொல்கிறானா, சும்மா மிரட்டுகிறானா? நானே கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல் ஆகாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" என்று அதே சொல்லால் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் முதல் பதிலாக வரும், பிறகு பேச்சு வரும். மிரட்டலா உண்மையா என்று தரம் பிரிப்பது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவறாகப் போனால் ஒரு நாள் வேலைதான் கெடும்.

ஆம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். உயரத்தில் ஏற்றாதீர்கள். "நீ இறங்கு" என்று எல்லோர் எதிரிலும் கத்தாமல், கீழே கம்பி வளைக்கிற இடத்தில் துணைக்கு ஒரு ஆளோடு வேலை கொடுங்கள். அவருக்கு எதிரிலேயே 14416-ஐ அழைத்துப் போனைக் கையில் கொடுங்கள். வீட்டில் யாருக்குச் சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு வீடுதான் பிரச்சினையே. இன்றே செய்துவிடுவேன் என்கிற நிலையில் இருந்தால், அல்லது எதையாவது குடித்துவிட்டார் என்றால், 108-ஐ அழையுங்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் "சரியாகிவிட்டது" என்று திருப்பி அழைத்து வராதீர்கள். சில நஞ்சுகள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகி அவனை உள்ளே வைத்துவிடுவார்களே?

இந்தப் பயத்தில் கடந்துபோன நேரத்தால் உயிர்கள் போயிருக்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒரு காவலர் வந்து விசாரிக்கலாம். அது விசாரணை. பயந்து தாமதிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம். குடிக்கிறவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டால் போதாதா?

குடித்துவிட்டு வந்தவரை அன்று வேலை செய்ய விடக்கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் நிறுத்திவிட்டால் அவர் வேறொரு மேஸ்திரியின் சாரத்தில் ஏறுவார், அவ்வளவுதான். குடி எங்கே முடிகிறது, மனக்கஷ்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தூக்கத்துக்காகக் குடிக்கிறார்கள், முதுகு வலிக்காகக் குடிக்கிறார்கள். குடித்த பிறகு தூக்கமும் கெடுகிறது, கடனும் ஏறுகிறது.

உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. சம்பளத்தை டாஸ்மாக் கடை வழியில் இருட்டிய பிறகு கொடுக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கே கொடுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு பங்கை வங்கிக் கணக்கில் போடுங்கள். வேலை நன்றாக முடிந்ததற்குப் பரிசாக பாட்டில் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். குடியை விட நினைக்கிறவருக்கு அரசு மருத்துவமனைகளில் குடிபோதை மறுவாழ்வுப் பிரிவுகள் இருக்கின்றன. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, பணம் கேட்பதில்லை.

சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை விட்ட ஆளுக்கு மூன்றாம் நாள் வேலை இடத்தில் வலிப்பு வந்தது. சாமி குற்றமா?

சாமி குற்றமில்லை. பல ஆண்டுகள் தினமும் நிறையக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கை நடுக்கம், வியர்வை, வாந்தி முதலில் வரும். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், சிலருக்கு அதற்குப் பின்னும் வரும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது உயிரையே எடுக்கக்கூடிய நிலை. கார்த்திகை முதல் வாரத்தில் இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

மாலை போடுவதை யாரும் தடுக்கவேண்டாம். எத்தனையோ பேர் அந்த விரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் குடியை விட்டிருக்கிறார்கள். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, சில நாள் மாத்திரையோடு விடச் சொல்லுங்கள். முதல் வாரம் தரையிலேயே வேலை கொடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றிலும் உள்ள கல், கம்பியை அகற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை.

ஒடிசா, பீகார் ஆட்கள் இருபது பேர். பேச்சே புரியாது. அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று நான் எங்கே கண்டேன்?

முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள். "வடக்கன்" என்று கூப்பிடப்படுகிற ஆளுக்கு, ஆறு மாதமாக யாரும் தன் பெயரைச் சொல்லவில்லை என்பதே ஒரு பாரம். ஒடியாக்காரரையும் வங்காளியையும் "இந்திக்காரன்" என்பதும் சரியல்ல, அவர்களுக்கும் இந்தி இரண்டாவது மொழிதான். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிற அளவுக்கு அவர்கள் மொழியில் பத்துச் சொல் கற்றுக்கொண்டால் போதும். சமையலுக்குக் கடுகெண்ணெய், கொட்டகையில் போன் சார்ஜ் செய்யப் போதுமான பிளக், தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு விடுப்பு. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை சிமென்ட் வீணாவதைவிடப் பெரிதல்ல.

வதந்தி விஷயத்தில் மட்டும் மெத்தனம் வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. காவல் துறை மறுத்தும் பலர் பயந்து ரயில் ஏறினார்கள். ஆட்களை உட்கார வைத்து, ஊரில் இருக்கும் மனைவியிடம் வீடியோ அழைப்பில் தானே பேசிய மேஸ்திரிகளிடம் ஆட்கள் தங்கினார்கள். டெலி மானஸ் எண் இந்தி, ஒடியா, வங்காளம் உட்பட இருபது மொழிகளில் இயங்குகிறது. எண்ணை அவர்கள் எழுத்தில் எழுதிக் கொட்டகையில் ஒட்டுங்கள்.

சித்தாள் பெண்கள் எதுவும் குறை சொல்வதில்லையே. அவர்களுக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வந்து, பாண்டு சுமந்து, வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிற கணவனைச் சமாளிக்கிறவரிடம் "குறை இருக்கிறதா" என்று மேஸ்திரி கேட்டால் "ஒன்றுமில்லை அண்ணா" என்றுதான் பதில் வரும். மூத்த பெண் ஒருவரை வைத்துக் கேளுங்கள். ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஐந்து பெண்கள் இருந்தாலும் தொட்டில் கட்ட ஒரு நிழல் ஒதுக்கலாம்.

சீண்டல் இருந்தால் அதை "வேடிக்கை" என்று தள்ளாதீர்கள். வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013 சட்டப்படி, அமைப்புசாராத் தொழிலில் உள்ள பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம், அந்தப் புகார் உங்கள் மேலேயே வந்தாலும். பெண்களுக்கான உதவி எண் 181.

ஒருவர் விழுந்து இறந்துவிட்டார். மறுநாளே வேலை தொடங்கலாமா?

கூடாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் வேலை இடம் அங்கிருந்து வெகுதூரத்தில் இருந்தது. ஆனாலும் தூண் ஓரமாக நிற்க ஆட்கள் தயங்கினார்கள். தூரத்துச் செய்திக்கே இப்படியென்றால், கண்ணெதிரே விழுந்ததைப் பார்த்தவருக்கு எப்படி இருக்கும்?

அன்று வேலையை நிறுத்துங்கள். நடந்ததைத் தெரிந்த அளவுக்கு நீங்களே எல்லோரையும் கூட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாலைக்குள் நான்கு கதை உலவும். இரத்தம் கழுவும் வேலையை அவரோடு வேலை செய்தவர்களிடம் கொடுக்காதீர்கள். குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மறைக்காதீர்கள். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், அந்த மனுவை நீங்களே முன்னின்று கொடுங்கள். மற்ற ஆட்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்: நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் இவர் என்ன செய்வார்?

நேரில் பார்த்தவர்களை உடனே பேசச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். சில வாரம் கெட்ட கனவும் திடுக்கிடலும் இருக்கும், பலருக்குத் தானே குறையும். ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தால் மருத்துவர். பூசை செய்தால் ஆட்களுக்குத் தைரியம் வரும், செய்யுங்கள். ஆனால் கைப்பிடி இல்லாத சாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் பூசணிக்காய் மட்டும் உடைத்தால், அவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவரைச் சாரத்தில் ஏற்றலாமா?

மாத்திரையின் பெயரைக் கேட்பது உங்கள் உரிமையல்ல. "உயரத்தில் வேலை செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டாயா?" என்று கேட்கலாம். சில மாத்திரைகள் முதல் இரண்டு வாரம் தூக்கத்தையும் கிறுகிறுப்பையும் தரும், பிறகு பழகிவிடும். அதுவரை தரை வேலை, அதே கூலியில். கூலியைக் குறைத்தால் அடுத்த ஆள் மாத்திரையை மறைத்துச் சாப்பிடுவார், அல்லது நிறுத்திவிடுவார். நன்றாக இருக்கிறதென்று தானே நிறுத்துவது பெரிய ஆபத்து.

பலருக்குத் தெரியாத ஒன்று வெயில். லித்தியம் சாப்பிடுகிறவர் கத்திரி வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். வாந்தி, கடும் நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தான் வெயிலில் வேலை செய்வதை அவர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். நிறையப் பேர் "கூலி வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஆட்களுக்கு உற்சாகம் வர டி-ஷர்ட், விருந்து என்று ஏதாவது செய்யலாமா?

சம்பளக் கேள்வியில் சொன்னது நடந்திருந்தால் செய்யுங்கள். நடக்காமல் டி-ஷர்ட் கொடுத்தால் அதைப் போட்டுக்கொண்டே திட்டுவார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டாம், நம் தொழிலிலேயே நல்ல வழக்கங்கள் இருக்கின்றன. தளம் போடுகிற நாளில் எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. நிலை வைக்கும்போது ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வெற்றிலை பாக்கோடு பணம். ஆயுத பூஜைக்கு மண்வெட்டிக்கும் கரண்டிக்கும் சந்தனப் பொட்டு. இவற்றைப் பணத்தை மிச்சம்பிடிக்கச் சுருக்கிக்கொண்டே வருகிறோம்.

கிரகப்பிரவேசத்துக்கு வேலை செய்தவர்களை அழைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் நீங்களே கேளுங்கள். தான் பூசிய சுவருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுகிற ஒரு சித்தாளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அழைப்பு வராத பல வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆட்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். மேஸ்திரியான எனக்கே மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. நான் யாரிடம் போவது?

இங்கே உள்ள கேள்விகளில் பாதி, "என் ஆள் ஒருவன்" என்று தொடங்கிப் பேச்சின் நடுவே "எனக்கு" என்று மாறியவைதான். மேலே உரிமையாளர் பணம் தரமாட்டார், கீழே ஆட்கள் விடமாட்டார்கள், நடுவில் உங்கள் பெயரில் வட்டி ஓடுகிறது. ஆட்களுக்குச் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். 14416 எண்ணை இரவு இரண்டு மணிக்கும் அழைக்கலாம்.

அடுத்த வேலைக்கு ஒப்பந்தம் பேசும்போது, பணம் வரவேண்டிய கட்டங்களை எழுத்தில் வாங்குங்கள்: அஸ்திவாரம், தளம், பூச்சு என்று. முன்பணம் தராத வேலையை விட்டுவிடும் துணிச்சல் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. உள்ளூர் மருத்துவமனையில் ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். கான்கிரீட் போடாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போன் அடித்துக்கொண்டே இருக்காது.